பையில்லாத வாக்குவம் கிளீனரும் மதுரை ரைஸ்மில் கூம்பும்

மதுரையிலிருந்து மேலூர் பக்கமோ சோழவந்தான் பக்கமோ பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பலமுறை பார்த்திருப்பார்கள். ரைஸ்மில் கட்டடத்தின் கூரைக்கு மேலே தகரத்தில் செய்த ஒரு பெரிய கூம்பு தலைகீழாக நிற்கும். மேல்பாதி டிரம் மாதிரி உருண்டையாக இருக்கும். கீழ்ப்பாதி புனல் மாதிரி குறுகிக்கொண்டே வரும். பக்கவாட்டில் ஒரு குழாய் உள்ளே நுழையும், உச்சியில் இன்னொரு குழாய் வெளியே வரும். மில்காரர்கள் அதை 'சைக்ளோன்' என்பார்கள். உமியையும் தவிட்டையும் காற்றிலிருந்து பிரித்துக் கீழே கொட்டுவதுதான் அதன் வேலை.

இந்தத் தகரக் கூம்பைக் கைக்கு அடக்கமாகச் சுருக்கி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் வார்த்து, ஒரு மோட்டாரும் சக்கரமும் மாட்டினால் என்ன வரும்? உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் 'பையில்லாத வாக்குவம் கிளீனர்' வரும்!

இது வெறும் ஒப்புமை இல்லை, நிஜமாகவே நடந்த வரலாறு. மில்லிலிருந்துதான் இந்தக் கூம்பு வீட்டுக்குள் வந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்த வகையின் ஆரம்ப கால மாடல்களைத் தேடித்தேடிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த மாடல் முதலில் வந்தது, எதன் நிறம் அபூர்வம், எது நன்றாக உறிஞ்சுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. ஆனால் மதுரை மாதிரி மில் ஊரிலிருந்து பார்த்தால் இன்னொரு கேள்விதான் முதலில் எழும். கூம்பு எதைப் பிடித்தது என்பது சரி, எதைப் பிடிக்காமல் விட்டது? அந்தக் கேள்வியோடு இந்த வரலாற்றைப் பார்ப்போம்.

களத்துமேட்டில் ஆரம்பித்த வேலை

காற்றை வைத்துப் பொருளைப் பிரிப்பது உழவர்களுக்குப் புதிது இல்லை. கதிரடித்த பிறகு களத்தில் நெல்லைத் தூற்றுவார்கள். சொளகில் அள்ளி உயரத்திலிருந்து சரித்தால் கனமான நெல்மணி காலடியில் விழும், பதர் சற்றுத் தள்ளி விழும், தூசி இன்னும் தூரம் போகும். காற்று அடிக்கும்போதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு இங்கிருந்து வந்ததுதான்.

இதில் உள்ள இயற்பியல் எளிமையானது. கனமான துகள் தன் பாதையை எளிதில் மாற்றாது. லேசான துகள் காற்று இழுத்த பக்கம் போய்விடும். தூற்றும்போது இந்த இரண்டையும் பிரித்து வைப்பது பூமியின் ஈர்ப்பு விசை. சைக்ளோன் கூம்பிலும் நடப்பது தூற்றல்தான். அங்கே ஈர்ப்பு விசையின் இடத்தில் சுழற்சி வேலை செய்கிறது.

தூற்றுகிறவர் எப்போதும் காற்று வரும் திசையில் நிற்பார், தூசி போகும் திசையில் நிற்க மாட்டார். திறந்தவெளிக் களத்தில் அது முடியும். அதே வேலை நான்கு சுவருக்குள் போனபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

வெடித்த மாவு மில்

19-ம் நூற்றாண்டில் நீராவியும் நீர்விசையும் வந்து மில்கள் பெரிதாயின. அரைக்கும் வேகம் கூடக்கூட தூசியும் கூடியது. இது எவ்வளவு ஆபத்து என்பதை அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரம் 1878 மே 2 அன்று தெரிந்துகொண்டது. அங்கிருந்த வாஷ்பர்ன் 'ஏ' மில் என்ற பிரம்மாண்டமான மாவு மில்லில், காற்றில் மிதந்த மாவுத் தூசி தீப்பற்றி வெடித்தது. 18 பேர் இறந்தார்கள். பக்கத்து மில்களும் நாசமாயின.

மாவுத் தூசி வெடிக்குமா என்று கேட்கலாம். அடுப்பில் ஒரு விறகுக் கட்டை மெதுவாகத்தான் எரியும். அதையே தூளாக்கிக் காற்றில் தூவினால் ஒவ்வொரு துகளையும் சுற்றி ஆக்சிஜன் இருக்கும், எல்லாம் ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். மாவும் அப்படித்தான்.

அந்தக் காலகட்டத்தில்தான் தூசியைப் பிடிக்கும் இயந்திரங்களுக்கு மவுசு வந்தது. துணி வழியாகக் காற்றை வடிகட்டுவது ஒரு வழி, ஆனால் துணி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். 1885-ல் ஜான் ஃபின்ச் என்ற அமெரிக்கர் துணியே இல்லாத ஒரு தூசி பிடிப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். நிக்கர்பாக்கர் கம்பெனிக்காக எடுத்த அந்தக் காப்புரிமையில் இருந்து தொடங்கியதுதான் இன்று மில்களில் நாம் பார்க்கும் சைக்ளோன். மாவு மில்லில் தொடங்கி, மர அறுவை மில், சிமெண்ட் ஆலை, பருத்தி ஜின்னிங், அரிசி ஆலை என்று எல்லா இடத்துக்கும் அது பரவியது.

கூம்பு எப்படி வேலை செய்கிறது?

தூசிக் காற்று டிரம்மின் ஓரமாக, சுவரைத் தொட்டுக்கொண்டு வேகமாக உள்ளே நுழைகிறது. நேராகப் போக வழி இல்லாததால் சுற்ற ஆரம்பிக்கிறது. சுற்றும்போது கனமான துகள்கள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டுச் சுவரில் உரசி, வேகம் இழந்து, கூம்பின் வழியாகக் கீழே சரிகின்றன. காற்று மட்டும் அடியில் திரும்பி, நடுவில் ஒரு சிறிய சுழலாக மேலே ஏறி உச்சிக் குழாய் வழியாக வெளியேறுகிறது. ராட்டினத்தில் உட்கார்ந்தவர் வெளிப்பக்கம் சாய்வது போலத்தான் இதுவும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. சுழலும் பொருளின் முடுக்கம் = வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம். காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

கூம்பின் ஆரம் 50 சென்டிமீட்டர் என்றால் முடுக்கம் 800. இது புவியீர்ப்பைப் போல சுமார் 80 மடங்கு.

அதே வேகத்தில் ஆரம் 2 சென்டிமீட்டர் என்றால் முடுக்கம் 20,000. இது புவியீர்ப்பைப் போல சுமார் 2,000 மடங்கு!

அதாவது கூம்பு சிறியதாக ஆக ஆக இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்கும். ஆனால் சிறிய கூம்பில் நிறையக் காற்றை விட முடியாது. மில்லுக்கு நிறையக் காற்று வேண்டும், அதனால் பெரிய கூம்பு. பெரிய கூம்பு என்றால் நுண்ணிய தூசி தப்பிவிடும். சாதாரண மில் சைக்ளோன் 20 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளை நன்றாகப் பிடிக்கும். 5 மைக்ரானுக்குக் கீழே போனால் அதன் பிடி வெகுவாகத் தளர்ந்துவிடும். (ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 1 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.)

பெரிய தூசியை நம் மூக்கும் தொண்டையுமே தடுத்துவிடும். நுரையீரலின் அடி ஆழம் வரை போவது 5 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூசிதான். கூம்பு நழுவவிடுவதும் அதையேதான்! இந்தக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மதுரைச் சமவெளியில் நெல்லும் பஞ்சும்

1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு வைகைப் பாசனப் பகுதியில் நெல் சாகுபடி விரிந்தது. மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் வட்டாரங்களில் ரைஸ்மில்கள் வந்தன. பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் கலந்தே வரும். ரப்பர் உருளை வைத்த நவீன மில்கள் வந்தபோது உமி தனியாகவும் தவிடு தனியாகவும் பிரிந்தன. நெல்லின் எடையில் ஏறத்தாழ 20 சதவீதம் உமி, 8 சதவீதம் அளவுக்குத் தவிடு. இரண்டையும் காற்றால் உறிஞ்சிக் குழாய் வழியாகக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொட்ட சைக்ளோன் தேவைப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மில்லில் சைக்ளோன் பிடிப்பது குப்பை அல்ல, காசு! உமி பாய்லருக்கு எரிபொருளாகிறது. தவிடு எண்ணெய் எடுக்கவும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. அதனால் மில் முதலாளிக்கு, பிடிபட்டது எவ்வளவு என்பதுதான் கணக்கு. உச்சிக் குழாய் வழியாகத் தப்பியது அவர் கணக்கில் வராது. பக்கத்துத் தெருவில் காயப்போட்ட துணியிலும், மில்லில் வேலை பார்ப்பவரின் நெஞ்சிலும்தான் அது வரவு வைக்கப்படும்.

பஞ்சின் கதை இன்னும் கனமானது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள் 1880களில் திருநெல்வேலிச் சீமையில் நூற்பாலை தொடங்கினார்கள். 1890களின் தொடக்கத்தில் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே அவர்களுடைய மதுரா மில்ஸ் ஓட ஆரம்பித்தது. ஊர்க்காரர்களுக்கு அது ஹார்வி மில். 1974-ல் ஜே அண்ட் பி கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. கருமுத்து தியாகராஜன் செட்டியார் தொடங்கிய மீனாட்சி மில்லும் சேர்ந்து மதுரையை நூற்பாலை நகரமாக்கின. சங்கு ஊதும் நேரத்தை வைத்துச் சமையல் செய்த தெருக்கள் அந்தக் காலத்தில் இருந்தன.

நூற்பாலையில் தூசி அதிகம் எழும் இடங்கள் ப்ளோரூமும் கார்டிங்கும். பஞ்சுப் பேல்களைப் பிரித்து, அடித்து, இலைத்துண்டும் விதைத்துண்டும் நீக்கும் இடம் ப்ளோரூம். இழைகளைச் சீவி நேராக்கும் இடம் கார்டிங். இங்கே பறப்பது வெறும் பஞ்சு மட்டும் இல்லை. பருத்திக்காயைச் சுற்றியுள்ள காய்ந்த இலைகளின் நொறுங்கிய தூளும், அதில் வாழும் பாக்டீரியாக்களின் நச்சுப்பொருளும் கலந்தே பறக்கும். கண்ணுக்குத் தெரியும் பஞ்சுப் பிசிரை விட, கண்ணுக்குத் தெரியாத இந்தத் தூள்தான் ஆபத்து.

இதனால் வரும் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். ஆங்கிலேயர் நாட்டு மில்களில் இதைத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றும் சொல்வார்கள். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். செவ்வாய், புதன் என்று நாள் போகப்போகக் கொஞ்சம் தணியும். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் வரும். வருடங்கள் போனால் எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும்.

சணல், ஆளி நார் வேலை செய்பவர்களுக்கு இப்படி இருமல் வருவதை இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700-லேயே எழுதி வைத்திருந்தார். ஆனால் மில் தூசிக்குக் கறாரான அளவு வர மிக நீண்ட காலம் ஆனது. அமெரிக்கா 1978-ல்தான் நூற்புப் பிரிவுகளில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி இருக்கக் கூடாது என்று விதித்தது. மில் முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1981-ல் உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் நின்றது. இந்தியாவில் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலும், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் பிசினோசிஸ் சேர்க்கப்பட்டது.

நூற்பாலைகளில் தூசி பிடிக்கப் பல கருவிகள் வந்தன. அதில் ஒன்று ஓவர்ஹெட் கிளீனர். நூற்பு இயந்திர வரிசைகளுக்கு மேலே தண்டவாளம் போட்டு, அதில் ஒரு மோட்டார் பெட்டி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். அதிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி நீண்ட குழாய்கள் தொங்கும். சில குழாய்கள் காற்றை ஊதிப் பிசிரைக் கிளப்பும், சில தரையில் விழுந்ததை உறிஞ்சும். யோசித்துப் பார்த்தால் இது ஒரு ராட்சத வாக்குவம் கிளீனர்தான். வீட்டில் அதைப் பார்த்தே இராத மில் தொழிலாளி, வேலை நேரம் முழுக்க அதன் கீழேயே நின்றிருக்கிறார்!

வீட்டுக்குள் பை வந்த கதை

இனி வீட்டுக்குள் வருவோம். 1901-ல் ஹூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், தூசியை ஊதித் தள்ளும் ஓர் இயந்திரத்தின் செயல்விளக்கத்தை லண்டனில் பார்த்தார். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். அவர் செய்த இயந்திரம் குதிரை வண்டியில்தான் வரும். தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாக நீண்ட குழாயை விட்டு வீட்டைச் சுத்தம் செய்வார்கள். 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது இந்த இயந்திரம்தான்.

கையில் தள்ளும் இயந்திரம் அமெரிக்காவில் பிறந்தது. ஓஹையோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில், ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர். அவருக்கு ஆஸ்துமா. கூட்டக்கூடத் தூசி பறந்து மூச்சு முட்டியது. 1907-ல் ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு துடைப்பக் கைப்பிடி, ஒரு தலையணை உறை இவற்றை வைத்து ஓர் இயந்திரம் செய்தார். 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கியவர் வில்லியம் ஹூவர். பிறகு பிரிட்டனில் 'ஹூவர்' என்றாலே வாக்குவம் கிளீனர் என்று அர்த்தமாகிவிட்டது.

துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் மூச்சுத் திணறலில் பிறந்த இயந்திரம் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தலையணை உறைதான் பையின் தாத்தா. பிறகு காகிதப் பைகள் வந்தன. பையின் துளைகள் வழியாகக் காற்று வெளியேறும், தூசி உள்ளே தங்கும். பிரச்சினை என்னவென்றால், நுண்ணிய தூசி அந்தத் துளைகளை அடைத்துவிடும். பை நிறைவதற்கு முன்பே உறிஞ்சும் சக்தி குறைந்துவிடும். புதுப்பை வாங்க வேண்டும். கம்பெனிகளுக்கு அது நல்ல வியாபாரம்.

பையை எடுத்தவர்கள்

பையில்லாத கிளீனரை முதலில் செய்தவர் ஜேம்ஸ் டைசன் என்று பலரும் நினைக்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. 1928-ல் சிகாகோவில் தொடங்கிய ஹெல்த்-மோர் நிறுவனத்தின் 'ஃபில்டர் குயீன்' இயந்திரத்தில் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பை கிடையாது. காற்று ஒரு டிரம்முக்குள் சுழலும், கனமான தூசி அடியில் தங்கும், மீதியை ஒரு கூம்பு வடிவக் காகித வடிகட்டி பிடிக்கும். ஆக, பாதி வேலை சுழற்சிக்கு, பாதி வேலை காகிதத்துக்கு.

டைசன் செய்தது அந்தக் காகிதத்தின் வேலையையும் சுழற்சிக்கே கொடுத்தது. 1978-ல் வீட்டில் இருந்த ஹூவர் சரியாக உறிஞ்சாததைக் கண்டு அவர் எரிச்சலடைந்தார். அதே சமயம் அவருடைய தள்ளுவண்டித் தொழிற்சாலையில் பவுடர் பெயின்ட் தூசி, துணி வடிகட்டியை அடைத்துக்கொண்டே இருந்தது. மர அறுவை மில் ஒன்றின் கூரையில் நின்ற சைக்ளோனைப் பார்த்து, அதே மாதிரி சுமார் 30 அடி உயரத்தில் தன் தொழிற்சாலைக்கும் ஒன்று செய்தார். இதையே வீட்டுக் கிளீனருக்குச் சின்னதாகச் செய்தால் என்ன? அட்டையையும் ஒட்டு நாடாவையும் வைத்து முதல் மாதிரியை வீட்டிலேயே செய்து பார்த்தார். 1979-க்கும் 1984-க்கும் இடையே மொத்தம் 5,127 மாதிரிகள். பெரிய கம்பெனிகள் வாங்க மறுத்தன. பை விற்று வாழ்கிறவர்களிடம் பை வேண்டாம் என்று சொன்னால் எப்படி ஏற்பார்கள்?

சேகரிப்பவர்கள் தேடும் ஆரம்ப மாடல்கள் இவைதான்:

1. சைக்ளோன் (1983): ரோடோர்க் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது, கிளீனீஸ் நிறுவனம் விற்றது. சுமார் 500 இயந்திரங்களே வந்தன. அதனால் இது மிக அபூர்வம்.

2. ஜி-ஃபோர்ஸ் (1986): ஜப்பானில் அபெக்ஸ் நிறுவனம் விற்றது. இளஞ்சிவப்பு நிறம். விலை சுமார் 2,000 டாலர்! வசதியான ஜப்பானியர்கள் இதை ஒரு கலைப்பொருள் மாதிரி வாங்கினார்கள். 1991-ல் அங்கே ஒரு சர்வதேச வடிவமைப்புப் பரிசும் பெற்றது.

3. ஃபான்டம்: கனடாவின் அயோனா நிறுவனம் டைசனிடம் உரிமம் பெற்று வட அமெரிக்காவில் விற்ற வரிசை. அந்த நிறுவனம் 2001-ல் திவாலானது.

4. டி.ஏ.001, டி.சி.01 (1993): டைசன் சொந்தமாகத் தயாரித்தவை. சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம், உள்ளே தெரியும் தூசித் தொட்டி. குப்பையை யார் பார்க்க விரும்புவார்கள் என்று கடைக்காரர்கள் கேட்டார்களாம். மக்களோ அதைப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

5. டி.சி.02 (1995): படுக்கை வாட்டு உருளை வடிவம். மாடிப்படியில் உட்கார வைக்கலாம்.

6. டி.சி.07 (2001): ஒரு பெரிய கூம்புக்குப் பதில் பல சிறு கூம்புகள்.

இதற்கிடையே வழக்குகளும் நடந்தன. வேண்டாம் என்று ஒதுங்கிய கம்பெனிகளில் ஒன்றான ஹூவர், பின்னாளில் சொந்தமாக ஒரு சுழற்சி மாடலை விற்றது. அது டைசனின் காப்புரிமையை மீறியது என்று 2000-ல் லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒப்பிட்டுப் பார்த்தால்

இந்த வரிசையை மேலே சொன்ன கணக்கோடு வைத்துப் பார்த்தால் எல்லாம் புரியும். ஃபில்டர் குயீனில் ஒரு அகலமான டிரம், அதனால் பெரிய தூசிதான் விழும், நுண்ணியதற்குக் காகிதம் தேவை. ஜி-ஃபோர்ஸிலும் டி.சி.01-லும் இரட்டை அடுக்கு. வெளியே அகலமான உருளை, அதில் முடியும் மண்ணும் விழும். உள்ளே குறுகலான கூம்பு, அதில் மாவு மாதிரித் தூசி விழும். டி.சி.07-ல் கூம்புகள் இன்னும் சிறியவை. ஒரு கூம்பில் நிறையக் காற்று போகாது என்பதால் பல கூம்புகளை வட்டமாக அடுக்கி, காற்றைப் பங்கிட்டு அனுப்பினார்கள். மில் பொறியாளர்களுக்கு இது பழைய தந்திரம். சிறு கூம்புகளைக் கூட்டமாக அடுக்கும் முறை தொழிற்சாலைகளில் முன்பே இருந்தது.

ஆனால் இவற்றில் எதுவுமே வெறும் கூம்பை நம்பி நிற்கவில்லை! டி.சி.01-க்குள்ளும் மோட்டாருக்கு முன்னால் ஒரு வடிகட்டி, பின்னால் ஒரு வடிகட்டி இருந்தன. அவற்றைக் கழுவவோ மாற்றவோ வேண்டும். 'பை இல்லை' என்பது உண்மை. 'வடிகட்டி இல்லை' என்று யாரும் சொல்ல முடியவில்லை. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அணு ஆயுத ஆய்வுக்கூடங்களுக்காகப் பிறந்தது. கடைசியில் அந்த வகை வடிகட்டிதான் வீட்டுக் கிளீனரின் கடைசிக் காவலாளி ஆனது.

இன்னொன்றும் உண்டு. பையோடு தூக்கிப் போட்டால் தூசி பைக்குள்ளேயே போய்விடும். பையில்லாத தொட்டியைக் குப்பைக் கூடையில் தட்டும்போது, கஷ்டப்பட்டுப் பிடித்த நுண்ணிய தூசி ஒரு மேகமாக எழும். தட்டுகிறவரின் முகம் அங்கேதான் இருக்கும். காற்று வரும் திசையில் நின்று தூற்ற வேண்டும் என்று களத்துமேட்டில் தெரிந்திருந்த விஷயம், இங்கே மறந்துபோகிறது.

மதுரை வீடுகளில்

நம் ஊர் வீடுகளுக்கு வாக்குவம் கிளீனர் தாமதமாகத்தான் வந்தது. 1982-ல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் டை கட்டிக்கொண்டு வீடுவீடாக ஏறி, மெத்தையில் உறிஞ்சிக் காட்டினார்கள். சுத்தமாக இருக்கிறது என்று நினைத்த மெத்தையிலிருந்து வந்த தூளைப் பார்த்துப் பல வீடுகள் அதிர்ந்தன. அந்தக் கால இயந்திரங்களில் பைதான். டைசன் இந்தியச் சந்தைக்கு வந்தது 2018-ல்.

அதனால் ஜி-ஃபோர்ஸோ டி.சி.01-ஓ மதுரையில் பழைய சாமான் கடையில் கிடைக்க வாய்ப்பு மிகக் குறைவு. சிமெண்ட் தரைக்கும் மொசைக் தரைக்கும் பூந்துடைப்பமும் ஈரத் துணியும் போதும் என்றே பெரும்பாலான வீடுகள் இருந்தன. அதில் நியாயமும் இருக்கிறது. கம்பளம் இல்லாத தரையில் ஈரத் துணி ஒன்றுதான் நுண்ணிய தூசியைக் காற்றில் கிளப்பாமல் பிடிக்கும். மில் வேலையிலும் தண்ணீர் தெளித்துக் கூட்டுவது பழைய பாதுகாப்பு முறைதான்.

ஆனால் இந்தக் கிளீனர்களின் மூதாதை நம்மிடம் இருக்கிறது. ரைஸ்மில் கூரையில், ஜின்னிங் மில் வாசலில், மரக்கடைக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கிறது. மில் மூடினால் அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவார்கள். 500 இயந்திரங்களே வந்த சைக்ளோனை உலகம் தேடிப் பிடித்துப் பாதுகாக்கிறது. நம் ஊர்ப் பட்டறையில் தகரத்தை வளைத்து, கணக்குப் புத்தகம் இல்லாமல் கண் திட்டத்திலேயே ஒரு கொல்லர் செய்த கூம்பைப் படம் எடுத்து வைக்கக்கூட ஆள் இல்லை. எந்த மில்லில், எந்த வருடம், எத்தனை அடி உயரம், எந்தப் பட்டறை என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தாலே அது ஒரு நல்ல சேகரிப்பாகும். கேமரா உள்ள கல்லூரி மாணவர்களுக்கு ஒரு விடுமுறை போதும்.

அப்படிக் குறிக்கும்போது பட்டியலில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டுக்கொள்ள வேண்டும். உச்சிக் குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அதன் காற்று யார் மேல் படுகிறது, அங்கே வேலை பார்த்தவர்கள் முகத்தில் என்ன கட்டியிருந்தார்கள் என்ற கட்டம். கார்டிங்கில் முப்பது வருடம் நின்ற ஒரு பெரியவர் மதுரையில் ஏதாவது ஒரு தெருத் திண்ணையில் இன்னும் உட்கார்ந்திருப்பார். அவரிடம் திங்கட்கிழமைகள் எப்படி இருந்தன என்று கேட்டு, அதையும் அந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம்.